ஆர்பி சர்வரில் தலைமைச் சண்டை: எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர், புதுச்சேரிப் பக்கத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் ஆடிய ஒரு தமிழ் ஆர்பி சர்வரில் நான் நாலு வருஷம் ஸ்டாஃபாக இருந்தேன். கடைசி ஒன்றரை வருஷம் அப்பீல் டிக்கெட் பார்ப்பதுதான் என் வேலை, அதாவது பேன் (சர்வரிலிருந்து நீக்கம்) வாங்கியவர்கள் மறுபடி பார்க்கச் சொல்லி எழுதுவதைப் பார்ப்பது. நடுவில் எங்கள் சர்வர் ஒரு தடவை உடைந்து இரண்டானது. அதற்குப் பிறகு வேறு சர்வர்க்காரர்கள், புதிதாக ஆரம்பிக்கிறவர்கள், பேன் வாங்கியவர்கள், சில வீட்டுப் பெரியவர்கள் என்று பலரும் கேட்டது ஏறக்குறைய ஒரே கேள்விகள். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாக வாய்ஸில் சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. சர்வர் பெயரோ ஆட்கள் பெயரோ இதில் வராது.

ஆர்பி என்றால் என்ன? விளையாட்டுக்கு எதற்குத் தலைவர்?

இதைக் கேட்பது பெரும்பாலும் அம்மா அப்பாக்கள். ஆர்பி என்பது ரோல்பிளே, வேஷம் கட்டி ஆடுவது. கூத்தில் துரியோதனன் வேஷம் கட்டியவர் விடியும்வரை துரியோதனன்தான், அதே மாதிரி. 2013-ல் வந்த ஜிடிஏ 5 விளையாட்டை ஃபைவ்எம் என்ற மென்பொருள் வழியாக ஒரு தனி நகரமாக நடத்தலாம், அந்த நகரம் ஓடும் இடம்தான் சர்வர். அந்த நகரத்தில் ஒருத்தர் போலீஸ், ஒருத்தர் ஆம்புலன்ஸ் டாக்டர், ஒருத்தர் மெக்கானிக், சிலர் கேங். எல்லாரும் மைக்கில் பேசிக்கொண்டே அந்த ஆளாக வாழ்கிறார்கள். எங்கள் நகரத்தில் வில்லியனூர் அக்கா ஒருவர் இரண்டு வருஷம் டீக்கடை மட்டுமே நடத்தினார். துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. கடையில் உட்கார்ந்து கடன் நோட்டு எழுதுவார், யார் எத்தனை டீ பாக்கி என்று கேங் லீடரையே நிறுத்திக் கேட்பார், அவர் கடைக்குப் போகாத ஆள் நகரத்தில் கிடையாது.

இப்படி ஒருத்தர் இரண்டு வருஷம் சேர்த்த கடை, பெயர், பழக்கம் எல்லாம் ஒரு அட்மினின் ஒரே கிளிக்கில் போய்விடும். அந்த கிளிக் யார் கையில், அதற்கு அவர் யாரிடம் பதில் சொல்லணும் என்பதுதான் தலைமைப் பிரச்சினை. இது புதிதும் இல்லை. இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 1978-ல் மாணவர்கள் எழுதத் தொடங்கிய மட் என்ற விளையாட்டில் படமே கிடையாது, வெறும் எழுத்து. அதிலேயே விஸார்ட் என்று மற்றவர்களுக்கு மேலே அதிகாரம் உள்ள ஆட்கள் இருந்தார்கள்.

ஓனர்தான் தலைவரா?

ஓனர் கையில் சாவி இருக்கிறது. சாவி இருப்பதும் தலைவராக இருப்பதும் ஒன்றல்ல என்பதை நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம்.

ஒரு சர்வருக்குப் பல சாவிகள். ஆடுகிறவர்கள் கூடிப் பேசும் டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியில் ஓனர் என்பது ஒரே ஒரு கணக்கு, எத்தனை அட்மின் இருந்தாலும் ஓனரை யாரும் வெளியே அனுப்ப முடியாது. ஃபைவ்எம் லைசென்ஸ் கீ ஒருத்தருடைய கணக்கில் இருக்கும். சர்வர் ஓடும் மெஷினின் பாஸ்வேர்டு, அதற்கு மாத வாடகை போகிற கார்டு, டேட்டாபேஸ் பேக்கப், காசு வருகிற கணக்கு என்று எல்லாம் தனித்தனி. எங்களிடம் இவை அத்தனையும் ஒரே ஆளிடம் இருந்தன. நல்ல மனுஷர், நாங்கள் யாரும் அதைப் பற்றி யோசித்ததே இல்லை.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்தில் கரையைக் கடந்தது. ஓனர் வீடு தென்பெண்ணைக் கரையோரம். புயலில் கரண்ட் போனது, அது வருவதற்குள் சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் ஆற்றில் வந்துவிட்டது. அவர் வீட்டுச் சாமான்களை மாடிக்கு ஏற்றிக்கொண்டிருந்தார், போனில் சார்ஜ் இல்லை. ஒன்றாம் தேதி மெஷின் வாடகை கட்டவில்லை, சர்வர் நின்றது. வாடகை கட்ட எங்களில் ஆறு பேர் தயார், ஆனால் எந்தக் கம்பெனியில் எந்தக் கணக்கு என்பதே எங்களுக்குத் தெரியாது. அவர் உயிரோடு இருக்கிறாரா என்று பதறிக்கொண்டிருக்கும்போதே, டிஸ்கார்டில் சிலர் "காசை எடுத்துக்கிட்டு ஓடிட்டாரு" என்று எழுத ஆரம்பித்துவிட்டார்கள். அஞ்சாம் நாள் அவர் வந்து பார்த்தபோது அத்தனையும் படித்தார். அதில் அவருக்கு விழுந்த காயம் கடைசிவரை ஆறவில்லை, பின்னாடி வந்த பிளவுக்கு முதல் விரிசல் அந்த வாரம்தான்.

இரண்டாவது ஆளிடம் சாவி கொடுப்பது ஓனர்மேல் சந்தேகப்படுவது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அந்த வாரம் இரண்டாவது சாவி இருந்திருந்தால் அவர்மேல் ஒருத்தரும் ஒரு வார்த்தை எழுதியிருக்க மாட்டார்கள்.

ஓனர் தன் கைக்காசு போட்டு நடத்துகிறார். அவர் ஏன் மற்றவர்களுக்குக் கணக்குச் சொல்லணும்?

முழுக்க அவர் காசு என்றால் காசுக்கணக்கு சொல்ல வேண்டியதில்லை, சரி. ஆனால் அந்த நகரத்தில் மற்றவர்கள் போட்டிருப்பது நேரம். ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து புதுப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்த மெக்கானிக், சம்பளம் இல்லாமல் நகரத்துக்கான ஸ்கிரிப்ட் (நிரல்) எழுதிய தம்பி, இவர்கள் இல்லாமல் அவருடைய மெஷின் வெறும் மெஷின். பேனுக்குக் காரணம் சொல்வது, விதியை மாற்றினால் முன்கூட்டியே அறிவிப்பது, இந்த இரண்டுக்கும் காசுக்கும் சம்பந்தமில்லை.

எங்களை காரணம் சொல்லாமல் பேன் பண்ணிவிட்டார்கள். என்ன செய்வது?

முதலில் கோபத்தில் எதையும் எழுதாதீர்கள், குறிப்பாக வேறு சர்வரில் போய்த் திட்டாதீர்கள். அந்த ஸ்க்ரீன்ஷாட்தான் அப்பீலில் முதலில் வரும். அன்றே உங்கள் வீடியோ கிளிப்பைச் சேமித்துக்கொள்ளுங்கள், முன்னும் பின்னும் சேர்த்து, வெட்டாமல். டிக்கெட் போட்டு மூன்று விஷயம் கேளுங்கள்: எந்த விதி, என்ன ஆதாரம், எத்தனை நாள். ஃபைவ்எம் சர்வர்களில் பெரும்பாலோர் வைத்திருக்கும் டிஎக்ஸ்அட்மின் என்ற நிர்வாகப் பலகையில் யார் பேன் போட்டார், என்ன காரணம் எழுதினார் என்பது பதிவாகும், அதனால் "யார் போட்டதுன்னு தெரியலை" என்கிற பதிலை ஏற்காதீர்கள். டிஸ்கார்டிலிருந்தே நீக்கியிருந்தால் அதன் ஆடிட் லாக், அதாவது யார் என்ன செய்தார் என்ற பதிவு, 45 நாள்தான் நிற்கும், அதற்குள் கேட்க வேண்டும்.

ஸ்டாஃப் பக்கம் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டிய ஒரு சம்பவம் இருக்கிறது, தவறு என்னுடையது. ஒரு பையன் துப்பாக்கிச் சண்டை நடுவில் திடீரென்று மறைந்துவிட்டான். சாகப்போகும் நேரத்தில் கேமை மூடிவிட்டு ஓடுவதற்கு எங்களிடம் ஏழு நாள் பேன். எதிர்க் கேங்கில் மூன்று பேர் டிக்கெட் போட்டார்கள், கிளிப்பும் தெளிவாக இருந்தது, நான் பேன் போட்டேன். அவன் அப்பீலில் ஒரே வரி எழுதியிருந்தான்: "அண்ணா, முதுநகர்ல கரண்ட் போச்சு." எல்லாரும் சொல்கிற சாக்குதானே என்று நான் மூடிவிட்டேன். நாலாம் நாள் வேறு எதையோ தேடி, சர்வர் தானாகப் பதியும் லாக்கைத் திறந்தேன். தானாக மூடிவிட்டுப் போனால் அதில் 'எக்ஸிட்டிங்' என்று விழும். அவன் பெயருக்கு நேரே இருந்தது, இணைப்பு டைம் அவுட் ஆனது என்ற வரி. அதே நிமிஷத்தில் முதுநகரிலிருந்து ஆடும் இன்னொரு பையனுக்கும் அதே வரி. இரண்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. நான் பேன் போட்ட ராத்திரியே இரண்டு நிமிஷம் செலவழித்திருந்தால் பார்த்திருப்பேன்.

பேனை எடுத்தேன், எல்லாரும் பார்க்கிற சேனலில் என் பெயரைப் போட்டு, நான் லாக் பார்க்கவில்லை, தவறு என்னுடையது என்று எழுதினேன். ஸ்டாஃப் குழுவில் சிலருக்கு அது பிடிக்கவில்லை, "இப்படி எழுதினா நாளைக்கு எவன் மதிப்பான்" என்றார்கள். நடந்தது வேறு. அடுத்த மாதம் அப்பீல்கள் கூடின, ஆனால் திட்டு குறைந்தது. கேட்டால் பதில் வரும் என்று தெரிந்தவுடன் ஆட்கள் கத்துவதை விட்டுக் கேட்க ஆரம்பித்தார்கள். அன்றிலிருந்து நாங்கள் வைத்த விதி: பேன் போட்டவர் அப்பீலைப் பார்க்கக் கூடாது.

போலீஸ் சீஃபும் அட்மினும் ஒரே ஆள். இது சரியா?

இருக்கலாம், பல சர்வர்களில் ஆள் பற்றாக்குறையில் அப்படித்தான் இருக்கும். வேஷத்துக்குள் நடப்பதை ஐசி என்கிறோம், வேஷத்துக்கு வெளியே ஆடும் மனிதர்களுக்குள் நடப்பதை ஓஓசி என்கிறோம். நகரத்துப் போலீஸ் சீஃபை நகரத்து ரவுடி வாய்க்கு வந்தபடி பேசலாம், அது ஐசி. அதே கோபத்தில் சீஃபாக ஆடுகிறவர் அட்மின் பலகையைத் திறந்தால் அங்கே கோடு அழிந்துவிடுகிறது.

எங்களிடம் ஒரு வங்கிக் கொள்ளை நடந்தது. கேங் தப்பிவிட்டது, சீஃப் தோற்றார், அன்று ராத்திரியே கேங் லீடருக்கு ஃபெயில் ஆர்பி, அதாவது வேஷத்துக்குப் பொருந்தாமல் ஆடினார் என்று வார்ன் (எச்சரிக்கை) வந்தது, போட்டவர் சீஃபாக ஆடிய அதே அட்மின். பிறகு நாங்கள் ஐந்து பேர் உட்கார்ந்து கிளிப் பார்த்தோம். தீர்ப்பு சரி. தன் தலையில் துப்பாக்கி வைத்த பிறகும் கேங் லீடர் பயமே இல்லாமல் வண்டி ஓட்டினார், வார்ன் கொடுக்க வேண்டியதுதான். ஆனாலும் அந்தக் கேங்கில் ஒருத்தர்கூட நம்பவில்லை, இன்றுவரை நம்பவில்லை. தானே ஆடிய சீனுக்குத் தானே தீர்ப்பு எழுதினால் தீர்ப்பு சரியாக இருந்தும் பிரயோஜனமில்லை. டிக்கெட்டைப் பக்கத்தில் இருப்பவருக்குத் தள்ளிவிட ஒரு நிமிஷம் போதும்.

ஓனரை எல்லாரும் "அண்ணா" என்கிறோம். அவர்மேல் எப்படிப் புகார் கொடுப்பது?

இந்தக் கேள்வியை ஒரு பத்தொன்பது வயசுப் பையன் தயங்கித் தயங்கிக் கேட்டான், எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. வெளிநாட்டு சர்வர்களின் விதிகளை அப்படியே எடுத்துப் போட்டால் நம்மிடம் நடக்காமல் போவதற்குக் காரணம் இந்த இடம்தான். நம்மிடம் வயசில் மூத்தவர் அண்ணா, அக்கா. அந்த உறவு வந்தவுடன் பாசமும் வருகிறது, கேள்வி கேட்டால் மரியாதைக் குறைவு என்கிற எண்ணமும் கூடவே வருகிறது. அவர் தப்புச் செய்தால் "பெரியவங்க, விடு" என்று நாலு பேர் வருவார்கள். புகார் கொடுத்த தம்பி நன்றி கெட்டவன் ஆகிவிடுவான்.

அண்ணா என்று கூப்பிடுவதை நிறுத்தச் சொல்ல மாட்டேன், அது போனால் இந்த சர்வர்களில் இருக்கும் அழகே போய்விடும். நாங்கள் செய்தது, டிக்கெட்டுக்குள் மட்டும் உறவு முறை வேண்டாம் என்று வைத்தோம். ஸ்டாஃப் எண், தேதி, நேரம், நடந்தது, அவ்வளவுதான் எழுதணும். "ஸ்டாஃப் 3, இரவு 10.40, என்னுடைய வாகனத்தைக் காரணம் சொல்லாமல் நீக்கினார்" என்று எழுதுவது "அண்ணா என் காரை எடுத்துட்டாரு" என்பதைவிடப் பையன்களுக்குச் சுலபமாக இருந்தது. அப்புறம், ஓனர்மேல் வரும் டிக்கெட் ஓனருக்கே போகாதபடி ஒரு தனிப் பெட்டி வேண்டும், அதைப் பார்க்கும் இரண்டு பேர் ஓனரின் நெருங்கிய கூட்டாளிகளாக இருக்கக் கூடாது. உத்திரமேரூர்க் கல்வெட்டில் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் எழுதிய விதிகளில், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய உறவுக்காரர்களும் குடவோலையில் பெயர் எழுதத் தகுதியில்லாதவர்கள் என்று இருக்கிறது. நெருங்கியவர்கள் மூடி மறைப்பார்கள் என்பது ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

நன்கொடை வாங்கலாமா? கணக்கு எப்படி வைப்பது?

அதிகச் சண்டை இதில்தான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் எதை விற்கலாம் என்பது. ஜிடிஏ விளையாட்டைச் செய்த ராக்ஸ்டார் கம்பெனி 2022 நவம்பரில் ஆர்பி சர்வர்களுக்கான தன் கொள்கையை வெளியிட்டது. விளையாட்டுக்குள் ஓடும் பணத்தை உண்மைக் காசுக்கு விற்பது, உள்ளே என்ன என்று தெரியாமல் வாங்கும் லூட் பாக்ஸ் விற்பது, கிரிப்டோ, என்எஃப்டி, வணிக விளம்பர ஒப்பந்தம், இவை கூடாது என்று அதில் இருக்கிறது. அடுத்த வருஷம் ஆகஸ்டில் ஃபைவ்எம் நடத்தும் குழுவே ராக்ஸ்டாரோடு சேர்ந்துவிட்டது. ஃபைவ்எம் சர்வரில் காசு வாங்குவதென்றால் டெபெக்ஸ் என்ற கடை வழியாக வாங்க வேண்டும் என்பது அவர்களுடைய விதி. நம் பக்கம் நடப்பது என்ன, ஓனரின் போன் நம்பருக்கு ஜிபே. அதில் இரண்டு ஆபத்து: விதி மீறல் ஒன்று, வந்த காசு அவருடைய சொந்தக் கணக்கில் பால் பாக்கெட் காசோடும் பெட்ரோல் காசோடும் கலந்துவிடுவது இன்னொன்று. மூன்று மாதம் கழித்து நேர்மையான ஆளாலும் கணக்குச் சொல்ல முடியாது.

அடுத்து சூதாட்டம். நகரத்துக்குள் கேசினோ வைத்து, சிப்ஸை உண்மைக் காசுக்கு விற்று, ஜெயித்தால் காசாகத் திருப்பிக் கொடுக்கிற வேலையை யாராவது ஆரம்பித்தால் உடனே வெளியே வாருங்கள். தமிழ்நாட்டில் இணைய சூதாட்டத்துக்கு 2023-ல் நடைமுறைக்கு வந்த தடைச் சட்டம் இருக்கிறது. அது முள்ளோடை எல்லையைத் தாண்டினால் செல்லாது, புதுச்சேரி தனி என்று ஒரு தம்பி என்னிடம் வாதாடினான். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் காசு வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்து இயற்றிய சட்டம் நாடு முழுவதற்கும்.

கணக்குக்கு வருவோம். ஊர்த் திருவிழா முடிந்ததும் கோயில் வாசலில் உட்கார்ந்து வரவு செலவு படிப்பதை எல்லாரும் பார்த்திருப்போம். பந்தல் இவ்வளவு, மேளம் இவ்வளவு, சீரியல் செட் இவ்வளவு, கையிருப்பு இவ்வளவு. நடுவில் ஒரு பெரியவர் எழுந்து "போன வருஷம் மேளத்துக்கு இவ்வளவு இல்லையே" என்பார், படிப்பவர் பதில் சொல்வார், கோபப்பட மாட்டார். நாங்கள் பின்னாடி கொண்டுவந்தது அதைத்தான். மாதக் கடைசி ஞாயிறு ராத்திரி வாய்ஸ் சேனலில் எங்கள் கணக்குப் பார்ப்பவர், பண்ருட்டியில் அரிசி மண்டியில் வேலை செய்கிற அண்ணன், வாய்விட்டுப் படிப்பார். மெஷின் வாடகை, ஸ்கிரிப்ட் வாங்கியது, டெபெக்ஸ் பிடித்தது, மிச்சம். பில்லின் படம் சேனலில் ஏறும். முதல் தடவை எழுபது பேர் கேட்டார்கள், மூன்றாவது மாதம் பத்துப் பேர்கூட இல்லை. ஆள் குறைந்ததற்காகப் படிப்பதை நிறுத்தாதீர்கள். காசு கொடுத்தவருக்கு எப்போது வேண்டுமானாலும் வந்து கேட்கலாம் என்று தெரிந்தாலே போதும்.

இன்னொன்று, காசு கொடுத்தவருக்கு அட்மின் பதவி கொடுக்காதீர்கள். எவ்வளவு கொடுத்தாலும்.

ஓட்டுப் போட்டு தலைவரைத் தேர்ந்தெடுக்கலாமா?

1990-களில் லாம்ப்டாமூ என்று எழுத்தால் ஆடும் ஒரு உலகம் இருந்தது, நடத்தியவர் பாவெல் கர்டிஸ். 1992 டிசம்பரில் அவரும் மற்ற விஸார்டுகளும், இனி நாங்கள் தொழில்நுட்பம் மட்டும் பார்ப்போம், உங்கள் சண்டைகளை நீங்களே தீர்த்துக்கொள்ளுங்கள் என்று அறிவித்தார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. சில மாதத்திலேயே, 1993-ல், ஒருவர் மற்றவர்களின் பாத்திரங்களைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்து அவர்கள்மேல் பாலியல் வன்முறை நடப்பதாகச் சித்தரித்து எழுதினார். எல்லாரும் கூடிப் பேசினார்கள், ஆனால் முடிவெடுக்கும் முறை என்று ஒன்று அங்கே இல்லை. கடைசியில் ஒரு விஸார்ட் தன்னிச்சையாக அந்த ஆளின் கணக்கை அழித்தார். அதற்குப் பிறகு கர்டிஸ் மனு, வாக்கெடுப்பு முறை கொண்டுவந்தார். அதுவும் இழுபறியாகி, 1996-ல் விஸார்டுகள் அதிகாரத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.

ஈவ் ஆன்லைன் விளையாட்டில் 2007-ல் கம்பெனி ஊழியர் ஒருவரே தன் அணிக்கு அரிய பொருட்களைக் கொடுத்தது வெளியே வந்தது. 2008-லிருந்து ஆடுபவர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஒரு குழு அங்கே வேலை செய்கிறது. அந்தக் குழுவால் கம்பெனியை மாற்ற முடியாது, ஆனால் உள்ளே உட்கார்ந்து கேள்வி கேட்க முடியும்.

என் கருத்து இதிலிருந்து வந்ததுதான். மெஷினுக்கு வாடகை கட்டுகிறவரை ஓட்டில் மாற்ற முடியாது, அவர் பட்டனை அழுத்தினால் தேர்தலே முடிந்தது. அப்பீல் பார்க்கும் மூன்று பேரை ஓட்டில் தேர்ந்தெடுங்கள், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, தொடர்ந்து இரண்டு தடவைக்கு மேல் ஒரே ஆள் வேண்டாம். ஓட்டு உரிமை மூன்று மாதம் ஆடியவர்களுக்கு மட்டும் கொடுங்கள், இல்லையென்றால் ஒரே ஆள் ஏழு கணக்கில் வந்து போடுவார். எங்களிடம் முதல் தேர்தலில் அதுதான் நடந்தது, மறுபடி வைத்தோம்.

அட்மின் ஒருவர் ஒரு பெண்ணிடம் தப்பாகப் பேசினார். "உள்ளேயே பேசி முடித்துக்கொள்ளலாம்" என்கிறார்கள்.

முடிக்காதீர்கள். இது சர்வர் விவகாரம் இல்லை.

ஸ்க்ரீன்ஷாட்டை நேரம், கணக்குப் பெயர் தெரியும்படி எடுத்து வையுங்கள், எதையும் அழிக்க வேண்டாம். அந்த அட்மினின் எல்லா ரோலையும் (அதிகாரப் பதவி) அந்த நிமிஷமே எடுங்கள், விசாரணை அப்புறம். பாதிக்கப்பட்டவரை வாய்ஸ் கூட்டத்துக்கு வரவழைத்து எல்லார் முன்னாலும் மறுபடி சொல்லச் சொல்லாதீர்கள், ஒரு சர்வரில் அப்படிச் செய்ததைக் கேட்டு எனக்கு இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. சைபர் கிரைம் அரசு இணையதளத்தில் புகார் கொடுக்கலாம், பெண்கள், குழந்தைகள் சம்பந்தப்பட்டதை அங்கே பெயர் சொல்லாமலும் பதியலாம். குழந்தைகளுக்கு 1098. காசு ஏமாற்று என்றால் 1930.

அந்தப் பெண்ணுக்கு 18 வயசு ஆகவில்லை, பேச்சு பாலியல் பேச்சு என்றால், போக்சோ சட்டப்படி தெரிந்தவர் போலீசுக்குச் சொல்லியே ஆகணும், சொல்லாமல் இருப்பதே குற்றம். பாதிக்கப்பட்டது பையனாக இருந்தாலும் இதேதான். "சர்வர் பேர் கெட்டுடும்" என்று வருகிற ஓனரிடம் இந்த ஒரு வரியைச் சொல்லுங்கள்.

வீட்டு முகவரியையோ போட்டோவையோ வெளியிடுவேன் என்று மிரட்டினாலும் இதே வழிதான்.

சர்வர் உடைகிறது. யாருக்கு எது சொந்தம்?

ஸ்கிரிப்ட் எழுதினவருக்கு அந்த ஸ்கிரிப்ட் சொந்தம். சம்பளத்துக்கு வேலை பார்க்காத ஒருவர் எழுதினால், எழுதிக் கொடுத்து மாற்றாதவரை காப்புரிமை அவருடையது, நம் 1957-ம் வருஷத்துச் சட்டத்தின் பொதுவான நிலை இது. காசு கொடுத்து வாங்கிய ஸ்கிரிப்ட் அதை வாங்கிய கணக்குக்கு உரியது, நகலெடுத்துப் போனால் திருட்டு. டிஸ்கார்ட், ஓனர் கணக்கு யாரோ அவரிடம். ஆடுகிறவர்கள் யாருக்கும் சொந்தமில்லை, எங்கே போவது என்று அவர்களே முடிவு செய்வார்கள்.

டேட்டாபேஸ்தான் சிக்கல். அதில் பாத்திரங்களின் கதையோடு ஆட்களின் ஐபி முகவரி, கணக்கு அடையாளம் எல்லாம் இருக்கும். கோபத்தில் போகிறவர் ராத்திரியோடு ராத்திரியாக அதை எடுத்துப்போவதை நான் பார்த்தேன். எங்கள் பிளவில் இரண்டு தரப்பிடமும் ஒரே டேட்டாபேஸ் இருந்தது. அதனால் இரண்டு நகரம் ஓடின, அந்த அக்காவின் டீக்கடை இரண்டிலும் நின்றது, கடன் நோட்டில் கடைசி வரி இரண்டிலும் ஒன்றே, மெக்கானிக் பையன் மூன்று டீ பாக்கி.

அதிகாரம் கொடுத்த ஆளே உள்ளிருந்து கலைப்பதும் உண்டு. ஈவ் ஆன்லைனில் 2009 பிப்ரவரியில் பேண்ட் ஆஃப் பிரதர்ஸ் என்ற பெரிய கூட்டணியை அதன் நிர்வாகி ஒருவரே எதிரணிக்குப் போகும்போது ஒரு பட்டனில் கலைத்துவிட்டார். அவருக்கு அந்த உரிமை கொடுக்கப்பட்டிருந்தது, அவ்வளவுதான். உங்கள் டிஸ்கார்டில் 'அட்மினிஸ்ட்ரேட்டர்' ரோல் எத்தனை பேரிடம் இருக்கிறது என்று இன்றைக்கே எண்ணிப் பாருங்கள். எங்களிடம் பதினொன்று இருந்தது, அதில் நாலு பேர் ஆறு மாதமாக ஆடவே வரவில்லை.

ஓனர் விலக நினைக்கிறார். எப்படி ஒப்படைப்பது?

நிதானமாக, இரண்டு மூன்று வாரம் வைத்து. டிஸ்கார்ட் ஓனர்ஷிப்பை மாற்றும் வசதி செட்டிங்ஸிலேயே இருக்கிறது. மெஷின், லைசென்ஸ் கீ, டெபெக்ஸ், பேக்கப் ஒவ்வொன்றையும் எழுதி, மாற்றியவுடன் டிக் போடுங்கள். வேலை கிடைத்தது, கல்யாணம், பரீட்சை என்று எந்தக் காரணமும் நியாயமான காரணம்தான், விலகுகிறவரை ஓடிப்போகிறார் என்று பேசாதீர்கள். கடைசிக் கணக்கை அவரே படித்துவிட்டுப் போகட்டும்.

பிரிந்த இரண்டு தரப்பும் மறுபடி சேர முடியுமா?

எங்கள் இரண்டு தரப்பும் சேரவில்லை. ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இரண்டு பக்கமும் சேர்ந்து பதினாலு பேர் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் உட்கார்ந்தோம். பல பேருக்கு அதுதான் முதல் நேர்ப்பார்வை, குரலை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடித்தோம். பழைய ஓனரும் வந்திருந்தார். புயல் வாரத்தில் அவரைத் திட்டி எழுதியவர்களில் ஒரு பையன் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, ரொம்ப நேரம் எதுவும் சொல்லாமல் இருந்துவிட்டு, "தண்ணி எதுவரைக்கும் வந்துச்சுண்ணா?" என்று கேட்டான். அவர் எழுந்து நின்று இடுப்பில் கை வைத்துக் காட்டினார்.

அன்று முடிவானவை சின்ன விஷயங்கள். ஒரு சர்வரின் பேன் மற்றதில் தானாகச் செல்லாது, ஆனால் குழந்தைகள், பெண்கள் விஷயத்தில் நீக்கியவரைப் பற்றி இரண்டு பக்கமும் சொல்லிக்கொள்ளும். ஒரே நாளில் இரண்டு பேரும் பெரிய நிகழ்ச்சி வைக்க வேண்டாம். டேட்டாபேஸில் மற்ற தரப்பு ஆட்களின் விவரங்களை இரண்டு பேரும் அழிப்பது. அந்த அக்காவுடையதை மட்டும் அவரைக் கேட்டு இரண்டிலும் விட்டுவைத்தோம். திங்கள், புதன், வெள்ளி இங்கே திறக்கிறார், மற்ற நாளில் அங்கே.